சுவர்கள் பேசும் தெரு

எழுத்துக் கற்றுக்கொண்டதும் முதலில் எதைப் படித்தீர்கள்? புத்தகத்தையா? பலரும் சொல்லும் பதில் வேறு. முதலில் பஸ் போர்டைப் படித்தோம் என்பார்கள். அதற்கு அடுத்தது சுவர்.

நம் ஊர்ச் சுவரில் என்ன இருக்கும்? கட்சிச் சின்னம் இருக்கும். சினிமா போஸ்டர் இருக்கும். சிமெண்ட் விளம்பரம் இருக்கும். 'விளம்பரம் செய்யாதீர்கள்' என்று பெரிய எழுத்தில் ஒரு விளம்பரமும் இருக்கும்! சுவர் என்றால் யாரோ நம்மிடம் எதையோ விற்கும் இடம், அல்லது ஓட்டுக் கேட்கும் இடம் என்று ஆகிவிட்டது.

டெல்லியில் ஒரு குடியிருப்பு இருக்கிறது. அங்கே சுவர்களில் வேறு சங்கதி இருக்கிறது. வாருங்கள், போய்ப் பார்ப்போம்.

லோதி ரோடு

டெல்லியில் உள்ள பெரிய சாலைகளில் ஒன்று லோதி ரோடு. அதன் மேற்கு முனையில் சப்தர்ஜங் கல்லறை இருக்கிறது. கிழக்கு முனையில் நிஜாமுதீன் இருக்கிறது. இடையில் லோதி தோட்டம் இருக்கிறது. லோதி என்பது ஓர் அரச வம்சத்தின் பெயர். கி.பி. 1451 முதல் 1526 வரை அவர்கள் டெல்லியை ஆண்டார்கள். அந்தக் காலத்துக் கல்லறைகள் இன்றும் அந்தத் தோட்டத்தில் நிற்கின்றன. காலையில் ஜனங்கள் அவற்றைச் சுற்றி நடைப்பயிற்சி செய்கிறார்கள்.

சாலைக்குத் தெற்கே லோதி காலனி இருக்கிறது. அரசு ஊழியர்களுக்காக வெள்ளைக்காரர்கள் 1940-களில் கட்டிய வீடுகள் அவை. ஒவ்வொரு வீட்டு வரிசைக்கும் உயரமான வளைவு வாசல் உண்டு. வாசலுக்கு இரண்டு பக்கமும் ஜன்னல் குறைவான, பெரிய சுவர்கள். பல வருடங்கள் அவை ஒரே நிறத்தில் சும்மா நின்றன. கன்னா மார்க்கெட்டுக்கும் மெஹர்சந்த் மார்க்கெட்டுக்கும் இடையில் போகிறவர்கள் அந்தச் சுவர்களை ஏறிட்டுப் பார்த்ததுகூடக் கிடையாது. பார்க்க அதில் என்ன இருந்தது?

தமிழர்களுக்கும் இந்தப் பக்கம் புதிதல்ல. லோதி எஸ்டேட்டில் தமிழ்ப் பள்ளி ஒன்று இருக்கிறது. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகளில் அதுவும் ஒன்று. சர்க்கார் வேலைக்காக டெல்லிக்குப் போன தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள்.

சுவர் எப்படி மாறியது?

2014-ஆம் ஆண்டில் டெல்லியில் ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கியது. அதன் பெயர் ஸ்டார்ட் இந்தியா ஃபவுண்டேஷன். தொண்டு நிறுவனம் என்றால் லாபத்துக்காக நடக்காத அமைப்பு. ஓவியம் கண்காட்சிக் கூடத்துக்குள் மட்டும் இருக்கக் கூடாது, தெருவில் இருக்க வேண்டும் என்பது இவர்கள் எண்ணம்.

இது நியாயமான எண்ணம்தான். கண்காட்சிக் கூடத்துக்கு யார் போகிறார்கள்? வாசலில் காவலர் நிற்கிறார். உள்ளே ஏ.சி. ஓடுகிறது. செருப்பைக் கழற்ற வேண்டுமா, போட்டுக்கொள்ளலாமா என்றே நமக்குத் தெரியாது. டிக்கெட் இல்லாவிட்டாலும் உள்ளே போகக் கால் கூசும். தெருச் சுவருக்கு அந்தக் கூச்சம் இல்லை. காய்கறி வண்டிக்காரரும் பார்ப்பார். பள்ளிக்கூடப் பிள்ளையும் பார்க்கும்.

முதல் ஆண்டிலேயே அவர்கள் ஒரு பெரிய வேலை செய்தார்கள். டெல்லியில் ஐ.டி.ஓ. என்ற இடத்தில் அப்போது போலீஸ் தலைமையகம் இருந்தது. அந்த உயரமான கட்டடத்தின் சுவரில் காந்தியின் உருவத்தை வரைந்தார்கள். சுமார் 150 அடி உயரம்! நம் ஊர்த் தென்னை மரம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் அந்த உயரம் வரும். ஜெர்மனியைச் சேர்ந்த ஹென்ட்ரிக் பைகிர்ஷ் என்ற ஓவியரும், நம் நாட்டின் அன்பு வர்க்கி என்ற பெண் ஓவியரும் சேர்ந்து வரைந்தார்கள்.

அடுத்து அவர்கள் லோதி காலனிக்கு வந்தார்கள். 2015, 2016-ஆம் ஆண்டுகளில் அங்கே வேலை தொடங்கியது. நம் நாட்டு ஓவியர்களும் பிரான்ஸ், ஜப்பான், மெக்சிகோ போன்ற நாடுகளின் ஓவியர்களும் வந்தார்கள். சாரம் கட்டினார்கள். ஆளைத் தூக்கும் எந்திரத்தில் ஏறி நின்றார்கள். ஒரு சுவரில் பறவைகள் வந்தன. ஒரு சுவரில் மரம் வந்தது. ஒன்றில் எழுத்துகளே படமாக மாறின. 2019-லும் 2025-லும் மேலும் படங்கள் சேர்ந்தன. மொத்தம் 50-க்கும் மேற்பட்ட சுவர்கள் இப்படி மாறின. நம் நாட்டில் ஒரு குடியிருப்பு முழுவதும் ஓவிய வட்டாரம் ஆனது இங்கேதான் முதலில் என்று சொல்கிறார்கள்.

பெயிண்ட் எங்கிருந்து வந்தது? ஒரு பெரிய பெயிண்ட் கம்பெனி உதவியது. கம்பெனிக்கு இதில் விளம்பரமும் உண்டு. அதையும் நாம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இலவசமாகக் கிடைக்கும் எதற்கும் பின்னால் யார் இருக்கிறார் என்று கேட்பதில் தப்பில்லை.

நிழல் எழுதிய எழுத்து

லோதி காலனியில் ஒரு சுவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் பெயிண்டால் வரைந்த படமே இல்லை. டாக்கு என்ற பெயரில் வேலை செய்த ஓவியர் 2016-ல் அதைச் செய்தார். தன் முகத்தையும் சொந்தப் பெயரையும் வெளியில் காட்டாதவர் அவர்.

என்ன செய்தார் தெரியுமா? எழுத்துகளைத் தகட்டில் வெட்டினார். அவற்றைச் சுவரில் ஒட்டவில்லை. சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்படி பொருத்தினார். கீழே நின்று பார்த்தால் ஒன்றும் புரியாது. வெயில் ஏற ஏற, எழுத்துகளின் நிழல் சுவரில் விழும். அந்த நிழல்தான் படிக்கும் எழுத்து! நேரம் ஆக ஆக நிழல் சாயும், நீளும். வெயில் போனால் எழுத்தும் போய்விடும். காலம் எல்லாவற்றையும் மாற்றும் என்பதுதான் அதன் கருத்து. பார்க்கும்போதே அது மாறிக்கொண்டிருக்கும்.

நம் தாத்தாக்கள் முற்றத்து நிழலைப் பார்த்து மணி சொன்னவர்கள். அவர்களுக்கு இது உடனே பிடித்துப்போகும். ஒரே ஒரு குறை. எழுத்துகள் இங்கிலீஷில் இருந்தன. டெல்லித் தெருவில் நடப்பவர்களில் பாதிப் பேருக்கு அதைப் படிக்கத் தெரியுமா?

போர்டு எழுதுகிறவர்களின் நண்பர்

இந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஹனீஃப் குரேஷி. குஜராத்தில் தலாஜா என்ற ஊரில் பிறந்தவர். சிறு வயதில் அவருக்கு ஓர் ஆசை. கடைகளுக்குப் போர்டு எழுதும் பெயிண்டர் ஆக வேண்டும் என்பதே அது. பிறகு பரோடாவில் ஓவியம் படித்தார்.

அவர் வளர்ந்த காலத்தில் தெருவில் ஒரு மாற்றம் வந்தது. ஃப்ளெக்ஸ் போர்டு வந்தது. நம் ஊரிலும் அதே கதைதான். லாரியின் பின்னால் பூவும் கிளியும் வரைந்தவர்கள், டீக்கடைக்கு நிழல் வைத்து எழுத்து எழுதியவர்கள், சினிமா பேனர் வரைந்தவர்கள் எல்லாரும் வேலை இழந்தார்கள். பத்து நாள் வேலையை எந்திரம் பத்து நிமிடத்தில் முடித்தது.

ஹனீஃப் குரேஷி ஊர் ஊராகப் போர்டு பெயிண்டர்களைத் தேடிப் போனார். அவர்களைக் கையால் எழுதச் சொன்னார். அந்த எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் பயன்படும்படி மாற்றி வைத்தார். ஒவ்வொரு எழுத்து வகைக்கும் அதை எழுதிய பெயிண்டரின் பெயரையே வைத்தார். அதுவரை அந்தப் பெயிண்டர்களின் பெயரை யார் கேட்டார்கள்? அவர்கள் எழுதிய கடைப் பெயரைத்தான் ஊர் படித்தது.

ஹனீஃப் குரேஷி 2024 செப்டம்பரில் காலமானார். அவருக்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை. லோதி காலனியில் அவர் கைபட்ட சுவர்கள் இருக்கின்றன.

யார் முகம் சுவரில்?

நல்ல படம் வரைந்தால் போதுமா? அந்தப் படத்தில் யார் இருக்கிறார், யார் வரைகிறார் என்பதும் முக்கியம்.

அரவாணி ஆர்ட் புராஜெக்ட் என்று ஒரு குழு பெங்களூரில் இருக்கிறது. திருநங்கைகளும் மற்றப் பெண்களும் சேர்ந்து அதில் படம் வரைகிறார்கள். பெயரைப் பார்த்தீர்களா? நம் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் அரவானைக் கணவனாக எண்ணித் தாலி கட்டிக்கொள்கிறார்கள் அல்லவா? அந்த அரவான் பெயரிலிருந்து வந்த சொல் அது. இன்று தமிழ்நாட்டில் 'திருநங்கை' என்ற சொல்லைத்தான் மரியாதையாகச் சொல்கிறோம். லோதி காலனியின் சுவர் ஒன்றில் இந்தக் குழுவும் வரைந்திருக்கிறது. தெருவில் ஜனங்கள் முகம் திருப்பிக்கொண்டு போகும் மனிதர்கள், அதே தெருவில் சாரத்தின் மேல் ஏறி நின்று படம் வரைந்தார்கள். கீழே நிற்பவர் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

சென்னையிலும் இப்படி ஒரு வேலை நடந்தது. இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் பெரிய சுவரில் 2021-ல் பல முகங்களை வரைந்தார்கள். ஆணும் பெண்ணும், வயதானவர்களும் இளைஞர்களும் அதில் இருக்கிறார்கள். ஸ்டார்ட் இந்தியாவும் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் சேர்ந்து செய்த வேலை இது. அந்த முகங்களில் சில எச்.ஐ.வி. உள்ளவர்களின் முகங்கள். மற்றவை எச்.ஐ.வி. இல்லாதவர்களின் முகங்கள். யார் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. ரயிலுக்கு நிற்கும்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உற்றுப் பாருங்கள். எல்லாம் நம்மைப் போன்ற முகங்கள்.

பத்துப் பக்கத் துண்டுப் பிரசுரம் சொல்ல வேண்டியதை அந்தச் சுவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும்.

கண்ணகி நகர்

லோதி காலனியில் இருப்பவர்கள் அரசு வேலை பார்ப்பவர்கள். மாதச் சம்பளம் உண்டு. தண்ணீரும் மரநிழலும் உண்டு. அங்கே படம் வரைவது ஒரு விதம். வசதி இல்லாத இடத்தில் வரைவது வேறு விதம்.

சென்னையில் துரைப்பாக்கம் பக்கம் கண்ணகி நகர் இருக்கிறது. ஆற்றங்கரைகளிலும் சாலை ஓரங்களிலும் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை அரசு அங்கே குடியேற்றியது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் அது தொடங்கியது. 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். வேலைக்குப் போன இடம் ஒரு கோடி, வீடு ஒரு கோடி என்று ஆனது. வீட்டு வேலைக்குப் போன பெண்கள் பலருக்கு வேலையே போயிற்று. பஸ்ஸுக்கே கூலியில் பாதி போனால் என்ன செய்வது?

அதைவிடப் பெரிய கஷ்டம் பெயரில் வந்தது. கண்ணகி நகர் என்றாலே சண்டை, திருட்டு என்று வெளியில் பேசினார்கள். வேலை கேட்டுப் போகும் இளைஞர் முகவரியைச் சொல்லத் தயங்கினார். கண்ணகி என்றால் நியாயம் கேட்டவள். அவள் பெயர் வைத்த ஊருக்கு இந்த நிலைமை!

2020-ல் ஸ்டார்ட் இந்தியாவும் சென்னை மாநகராட்சியும் அங்கே பெரிய சுவர் ஓவியங்களைத் தொடங்கின. பத்துக்கும் மேற்பட்ட கட்டடச் சுவர்களில் படங்கள் வந்தன. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். டி.வி.க்காரர்கள் வந்தார்கள். போட்டோ எடுக்கக் கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். முன்பு திருட்டுச் செய்தியில் மட்டும் வந்த ஊர்ப் பெயர், இப்போது ஓவியச் செய்தியில் வந்தது.

இது பெரிய காரியமா, சின்னக் காரியமா? இரண்டு விதமாகவும் பேசலாம். சுவரில் படம் வந்ததால் குழாயில் தண்ணீர் வந்துவிடாது. மாடிப்படியில் விளக்கு எரியாது. கழிவுநீர்க் குழாய் ஒழுகினால் அது படத்தின் மேலேயே ஒழுகும். 'படம் போட்டாயிற்று, வேலை முடிந்தது' என்று அதிகாரிகள் கையைத் துடைத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆனாலும் ஊர்ப் பெயரைச் சொல்ல வெட்கப்பட்ட ஒரு பையன், 'எங்கள் ஊருக்கு வந்து படத்தைப் பாருங்கள்' என்று சொன்னால் அதையும் லேசாக எண்ணிவிட முடியாது. பார்க்க ஆட்கள் வரும்போது, தண்ணீர் வராததைச் சொல்லவும் ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது.

லோதி ரோட்டின் மறு முனை

மறுபடியும் டெல்லிக்குப் போவோம். லோதி ரோட்டின் கிழக்கு முனையில், சாலை நடுவில், நீல ஓடு பதித்த ஒரு கும்மட்டம் இருக்கிறது. அதன் பெயர் சப்ஸ் புர்ஜ். சப்ஸ் என்றால் பச்சை. கும்மட்டமோ நீலம்! பெயருக்கும் நிறத்துக்கும் பொருத்தம் இல்லை. அதைத் தாண்டினால் ஹுமாயூன் கல்லறை. இந்தப் பக்கம் நிஜாமுதீன் பஸ்தி. பஸ்தி என்றால் நெருக்கமான குடியிருப்பு. நிஜாமுதீன் அவுலியா என்ற சூஃபி ஞானியும், கவிஞர் அமீர் குஸ்ரோவும் அங்கே அடக்கமாகி இருக்கிறார்கள். இருவரும் 1325-ல் மறைந்தவர்கள்.

பல வருடங்கள் இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் ஹுமாயூன் கல்லறையைப் பார்க்க வருவார்கள். டிக்கெட் வாங்குவார்கள், பார்ப்பார்கள், போவார்கள். பக்கத்திலேயே பல தலைமுறையாக வாழும் பஸ்தி ஜனங்களுக்கு அதனால் ஒரு காசு லாபம் இல்லை.

2007-ல் ஆகா கான் கலாசார அறக்கட்டளை அரசுத் துறைகளோடு சேர்ந்து இங்கே வேலை தொடங்கியது. இவர்கள் கல்லறையை மட்டும் பழுது பார்க்கவில்லை. பஸ்தியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியைச் சீர் செய்தார்கள். மருத்துவமனையை மேம்படுத்தினார்கள். அதோடு சேர்த்துத்தான் கலை வந்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள்.

கல்லறையின் பழைய ஓடுகள் உதிர்ந்து போயிருந்தன. அதே மாதிரி ஓடு செய்யும் வித்தை இங்கே மறந்துபோயிருந்தது. உஸ்பெகிஸ்தான் நாட்டிலிருந்து கைவினைஞர்கள் வந்தார்கள். நிஜாமுதீன் இளைஞர்களுக்கு ஓடு செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். அப்படிச் செய்த ஓடுகள் இன்று கல்லறையின் மேல் இருக்கின்றன. ஹுமாயூன் கல்லறையின் பழுது வேலை 2013-ல் முடிந்தது.

பஸ்திப் பெண்கள் 'இன்ஷா-ஏ-நூர்' என்ற குழுவாகச் சேர்ந்தார்கள். அவர்கள் செய்யும் வேலைகளில் ஒன்று சாஞ்சி. அது மதுரா பக்கத்துக் கலை. சிறு கத்தரியால் காகிதத்தை நுணுக்கமாக வெட்டிப் படம் எடுப்பது. கிருஷ்ணர் கோயிலில் தரையில் வண்ணப்பொடி தூவிக் கோலம் போட, அந்தக் காகிதத்தை அச்சாக வைப்பார்கள். நாம் மார்கழியில் கோல அச்சை உருட்டுகிறோம் அல்லவா, அதற்கு அது அக்கா. கோயிலில் பிறந்த கலையை முஸ்லிம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கல்லறையின் கல் ஜன்னலில் இருக்கும் வடிவங்களைக் காகிதத்தில் வெட்டினார்கள். எம்பிராய்டரியும் செய்தார்கள். அவை விலைக்குப் போயின. 'ஜாய்க்கா-ஏ-நிஜாமுதீன்' என்று இன்னொரு பெண்கள் குழு. அவர்கள் வீட்டுச் சமையலைச் செய்து விற்கிறார்கள். பஸ்தி இளைஞர்கள் சிலர் பார்வையாளர்களைத் தெருத் தெருவாக அழைத்துப்போய்க் கதை சொல்கிறார்கள். தங்கள் தெருவுக்குத் தாங்களே வழிகாட்டி.

2024 ஜூலையில் ஹுமாயூன் கல்லறைக்குப் பக்கத்தில் பூமிக்கு அடியில் ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். பழைய படிக்கிணறு போலக் கீழே இறங்கிப் போக வேண்டும். ராஜாக்களின் பொருள்களோடு அமீர் குஸ்ரோவைப் பற்றியும் அங்கே பார்க்கலாம்.

சுவர் இல்லாதவர்கள்

இதே நிஜாமுதீனுக்குச் சற்றுத் தெற்கே, ஜங்புரா பக்கம், பாராபுல்லா கால்வாய்க் கரையில் 'மதராசி கேம்ப்' இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் பல பத்தாண்டுகளாக அங்கே வாழ்ந்தார்கள். பெண்கள் பக்கத்து வீடுகளில் வேலை செய்தார்கள். தமிழ்ப் பள்ளியும் பக்கத்தில் இருந்தது. கால்வாய் அடைபட்டு வெள்ளம் வருகிறது என்று வழக்கு நடந்தது. டெல்லி உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2025 ஜூன் 1-ஆம் தேதி அந்த வீடுகளை இடித்தார்கள். ஒரு பகுதியினருக்கு நகரத்தின் வடக்குக் கோடியில் நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். எல்லாருக்கும் கிடைக்கவில்லை.

கண்ணகி நகரின் கதை நினைவுக்கு வருகிறதா? ஓவியத்தைப் பற்றிய பாடத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். படம் வரைய முதலில் சுவர் வேண்டும். சுவர் இருக்க வீடு வேண்டும். லோதி ரோட்டுப் படங்களைப் பார்க்கப் போகிறவர்கள், அந்தச் சாலையின் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஊரில் செய்யலாமா?

கலையை வைத்து ஜனங்களைக் கூட்டுவது நமக்குத் தெரியாததா? 1990-ல் நாடு முழுவதும் எழுத்தறிவுக்காகக் கலைப் பயணம் நடந்தது. தெருமுனையில் பறை அடித்து நாடகம் போட்டார்கள். நாடகம் பார்க்க வந்தவர்களில் எத்தனையோ பேர் பிறகு சிலேட்டு எடுத்தார்கள்.

பள்ளிக்கூடச் சுவர், ரேஷன் கடைச் சுவர், தண்ணீர்த் தொட்டிச் சுவர் எல்லா ஊரிலும் இருக்கின்றன. சுவர் யாருடையதோ, அவரிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும். அரசுச் சுவர் என்றால் ஊராட்சியிடம் எழுதிக் கேட்க வேண்டும். சுவர் ஈரம் கசிந்தால் பெயிண்ட் நிற்காது. முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும், பாசியைச் சுரண்ட வேண்டும், வெள்ளை அடித்துக் காயவிட வேண்டும். மழைக்காலத்தில் தொடங்கக் கூடாது. இதெல்லாம் எளிது.

என்ன படம் வரைவது என்பதுதான் கஷ்டம். எதிர் வீட்டுக்காரர் தினமும் காலையில் கதவைத் திறந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும். அவரைக் கேட்காமல் வரையலாமா?

கூடிப் பேசுங்கள்

உங்கள் தெருவில் எல்லாரும் பார்க்கும் சுவர் எது? அதில் இப்போது என்ன எழுதியிருக்கிறது? படித்துச் சொல்லுங்கள்.

உங்கள் ஊரில் போர்டு எழுதிய பெயிண்டர் யாராவது இருக்கிறாரா? அவர் இப்போது என்ன வேலை செய்கிறார்? அவரிடம் போய்க் கேட்டு, அவர் பெயரையும் அவர் எழுதிய ஒரு கடையின் பெயரையும் நோட்டில் எழுதுங்கள்.

உங்கள் ஊர்ச் சுவரில் ஊர்க்காரர் ஒருவரின் முகத்தை வரையலாம் என்றால், யார் முகத்தை வரைவீர்கள்? அவர் சம்மதிப்பாரா?